நத்தம் யாருடையது, இழப்பீடு யாருக்கு?

நான்குவழிச் சாலைக்கோ புறவழிச் சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கும் அறிவிப்பு நாளிதழில் வரும்போது புல எண், உட்பிரிவு, நிலத்தின் வகை, பரப்பு, உடைமையாளர் பெயர் என்று கட்டம் கட்டமாக அச்சாகியிருக்கும். வயல்காடு என்றால் பெயர்க் கட்டத்தில் பெரும்பாலும் சரியான பெயரே இருக்கும். ஊருக்குள் வீடுகள் இருக்கும் பகுதி வந்ததும் குழப்பம் தொடங்கும். எப்போதோ இறந்துபோன தாத்தா பெயர் இருக்கும். மனையை விற்றுவிட்டு ஊரைவிட்டே போனவர் பெயர் இருக்கும். சில இடங்களில் வெறுமனே 'சர்க்கார்' என்று மட்டும் இருக்கும். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் வாழும் குடும்பத்தின் பெயரைத் தேடினால் கிடைக்காது.

அந்த நாளில் டீக்கடையிலும் ஊர்க்கூட்டத்திலும் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். அதைக் கேட்டு வீட்டைப் பாதி விலைக்கு விட்டவர்கள், கெடு முடியும்வரை சும்மா இருந்தவர்கள், கூடப்பிறந்தவளோடு காலமெல்லாம் பேசாமல் போனவர்கள் எத்தனையோ பேர். மனையும் வீடும்தான் அந்தக் குடும்பங்களின் மொத்தச் சேமிப்பு. அதனால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

"நத்தம்னாலே புறம்போக்கு. சர்க்கார் நினைச்சா எடுத்துக்கும், காசு தராது."

இதைவிட அதிகமாகக் கெடுதல் செய்த நம்பிக்கை வேறு இல்லை என்பேன். ஊர் மக்கள் மட்டுமல்ல, கீழ்மட்ட அலுவலர்கள் சிலரும் இதை நம்புகிறார்கள்.

நத்தம் என்பது ஊர் மக்கள் வீடு கட்டி வாழ ஒதுக்கப்பட்ட குடியிருப்பு நிலம். வெள்ளைக்காரர் காலத்து நில அளவை வரி வசூலுக்காக நடந்தது. விளைநிலத்தை வயல் வயலாக அளந்து, யார் தீர்வை கட்டவேண்டும் என்று எழுதினார்கள். குடியிருப்புக்குத் தீர்வை கிடையாது என்பதால் ஊர் முழுவதையும் ஒரே புல எண்ணில் 'நத்தம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். யாருடைய வீடு எது என்ற கணக்கு அரசிடம் இல்லை. 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்னும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டிலும் நத்தத்தை உட்பிரிவு செய்யவில்லை. அதற்குப் பிறகுதான் நத்தம் நில அளவை தனித் திட்டமாக நடந்தது. மனை மனையாக அளந்து முதலில் 'தோராயப் பட்டா'வும், ஆட்சேபணைகளைக் கேட்டபின் 'தூய பட்டா'வும் கொடுத்தார்கள். ஆகப் பல ஊர்களில் நத்தத்து மனைக்கு அரசு ஆவணத்தில் தனிப்பெயர் ஏறியே ஒரு தலைமுறைக் காலம்தான் ஆகிறது. பெயர் ஏறாமல் இருந்ததற்கு வரி முறைதான் காரணம். அங்கே வாழ்ந்தவர்களுக்கு உரிமை இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது.

1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் சாலை, ஆறு, தனியார் உரிமையில் வராத நிலம் எல்லாம் அரசின் சொத்து என்று அறிவிக்கிறது. அப்படி அறிவிக்கும் அதே 2-ஆம் பிரிவு, கோயில் மனையையும் வீட்டு மனையாகவோ கொல்லையாகவோ ஒருவருக்கு உடைமையான நிலத்தையும் விலக்கி வைத்திருக்கிறது. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நத்தம் அரசிடம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்ற கேள்வி எழுந்தபோது, நத்தத்து வீட்டுமனை அரசைச் சேராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1959-இல் தீர்ப்பளித்தது. கடத்தூர் பேரூராட்சி தொடர்பான வழக்கில் 2004-இல் இரு நீதிபதிகள் அமர்வும் இதையே உறுதி செய்தது. குடியிருப்பவரின் நத்தம் மனை அரசுக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தமல்ல என்பது இன்று நிலைபெற்ற சட்டம்.

இதற்கு எல்லையும் உண்டு. சட்டம் காப்பது ஒருவருக்கு உடைமையான வீட்டுமனையையும் கொல்லையையும்தான். யாரும் ஆளாமல் வெறுமையாகக் கிடக்கும் நத்தத்தில் நேற்று வேலி போட்டவர் இன்று உடைமையாளர் ஆகிவிட முடியாது. மனை இல்லாதவர்களுக்கு இடம் ஒதுக்க வருவாய் நிலை ஆணை 21-இல் தனி நடைமுறை இருக்கிறது. ஊருக்குப் பக்கத்து ஏரி உள்வாயும் ஓடைக்கரையும் பேச்சுவழக்கில் 'நத்தம்' ஆகிவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அவை நீர்நிலைப் புறம்போக்கு. எத்தனை வருடம் இருந்தாலும் அங்கே உரிமை பிறக்காது. அரசு வழங்கும் இலவச வீட்டுமனைப் பட்டாவும் வேறு வகை. அதில் குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். கையிலுள்ள காகிதம் இவற்றில் எந்த வகை என்று தெரியாமல் வாதாடத் தொடங்குவதில்தான் பாதி வழக்குகள் தடம்புரள்கின்றன.

பட்டாவே இல்லாதவர் நில எடுப்பில் என்ன செய்வது? 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 'நில உரிமையாளர்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தை அவர் கட்டாயம் படிக்க வேண்டும். ஆவணத்தில் பெயர் உள்ளவர் மட்டும் அதில் வரவில்லை. மாநிலச் சட்டம் எதன்படியாவது பட்டா பெறத் தகுதியுள்ளவரும், ஒப்படை நிலம் வைத்திருப்பவரும், நீதிமன்றம் உரிமையாளர் என்று அறிவித்தவரும் அதில் அடங்குகிறார்கள். "பட்டா இல்லை, போய் வா" என்று ஒரு அலுவலர் சொன்னால் அது சட்டத்தின் கடைசி வார்த்தை ஆகாது.

"பட்டா என் பேர்ல இருக்கு. பத்திரமும் பதிவாயிருச்சு. அப்புறம் என்ன வழக்கு?"

பட்டா வருவாய்த்துறை ஆவணம். யாரிடம் வரி கேட்பது, யார் அனுபவிக்கிறார் என்பதற்கான பதிவு அது. வருவாய்ப் பதிவு எதுவும் தானாக உரிமையை உண்டாக்காது, அழிக்கவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அண்ணன் தம்பி நால்வரில் மூத்தவர் பெயரில் மட்டும் பட்டா ஏறியிருந்தால் மற்ற மூவரின் பங்கு கரைந்துவிடாது. வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ பட்டாவில் பெயரை மாற்றலாம், திருத்தலாம். மனை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இறுதி விடை தரும் அதிகாரம் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான்.

அதற்காகப் பட்டாவை அலட்சியப்படுத்தலாமா என்றால் கூடவே கூடாது. வீடு வீடாக விசாரித்துக் கொடுத்த தூய பட்டாவுக்கு நீதிமன்றத்தில் நல்ல சான்று மதிப்பு உண்டு. நடைமுறையில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நில எடுப்புத் தனி வட்டாட்சியர் நோட்டீஸ் அனுப்புவது பதிவேட்டில் உள்ள பெயருக்குத்தான். தாத்தா பெயரிலேயே பட்டாவை விட்டுவைத்தால் நோட்டீஸ் தாத்தா பெயருக்கு வரும். பேரன் தன் உரிமையைச் சொல்வதற்கு முன்னால், தான் பேரன் என்பதை நிரூபிக்கவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று அலைய வேண்டும்.

பத்திரப் பதிவுக்கும் இதே நிலைமைதான். விற்பவருக்கு உரிமை இருந்ததா என்று சார்பதிவாளர் தீர்ப்பு எழுதுவதில்லை. மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு கொண்டுவந்த 55-ஏ விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது இதை வெளிப்படையாகவே சொன்னது: உரிமையை ஆராயும் அதிகாரம் பதிவு அலுவலருக்குக் கிடையாது. உரிமை இல்லாதவர் எழுதிக் கொடுத்த கிரயம் பதிவானாலும் உரிமை நகர்வதில்லை. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று நிம்மதி அடைவதும் தவறு. பதிவான பரிமாற்றங்கள் மட்டுமே அதில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, வெள்ளைத்தாள் கூர்ச்சீட்டு, பதிவாகாத உயில் எதுவும் அதில் தெரியாது. நத்தத்தில் பாதிச் சொத்து இப்படித்தான் கைமாறியிருக்கிறது.

வீட்டுவரி ரசீதும் மின்கட்டண அட்டையும் உரிமைப் பத்திரம் இல்லை என்று வக்கீல்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நத்தம் வழக்கில் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நத்தத்து உரிமையே நீண்ட அனுபவத்திலிருந்து எழுவது. பழைய வீட்டுவரி ரசீது, வாக்காளர் பட்டியல், பக்கத்து மனைக்காரரின் கிரயப் பத்திரத்தில் நாலு எல்லை சொல்லும் இடத்தில் வரும் உங்கள் பாட்டனார் பெயர் எல்லாம் அந்த அனுபவத்துக்குச் சாட்சிகள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் தேடிப் பார்ப்பதே இல்லை. பகையாளியின் பத்திரத்திலேயே உங்களுக்குச் சாதகமான வரி இருக்கலாம். பதிவான பத்திரம் என்றால் சார்பதிவகத்தில் நகல் கேட்டு வாங்கலாம்.

வழக்குப் போடும் முறையிலும் ஒரு தவறு தொடர்ந்து நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இடத்துக்கு உரிமை கொண்டாடுகிறார் என்றதும் "அவர் உள்ளே வரக்கூடாது" என்று நிரந்தர உறுத்துக் கட்டளை மட்டும் கேட்டு வழக்குத் தொடுக்கிறார்கள். நீதிமன்றக் கட்டணம் குறைவு, சீக்கிரம் முடியும் என்ற எண்ணம். உரிமையின் மேலேயே சந்தேக நிழல் விழுந்திருந்தால் உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைக் கேட்காத வழக்கு பல ஆண்டுகள் நடந்து, மேல்முறையீட்டில் அந்த ஒரே காரணத்தால் தோற்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

"பன்னிரண்டு வருஷம் குடியிருந்தா இடம் நமக்கே."

காலவரையறைச் சட்டத்தில் பன்னிரண்டு ஆண்டு என்ற கணக்கு இருக்கிறது. தனியார் நிலத்துக்கு 12, அரசு நிலத்துக்கு 30. ஆனால் வெறுமனே இருந்துவிட்டால் போதாது. உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல், 'இது என்னுடையது' என்று ஆண்டிருக்க வேண்டும். வாடகைக்கு இருந்தவர், காவலுக்கு வைக்கப்பட்டவர், உறவு முறையில் இருக்கவிடப்பட்டவர் ஆகியோருக்கு இது பொருந்தாது. பொதுச் சொத்தில் குடியிருக்கும் அண்ணன், வெளியூரில் இருக்கும் தம்பிக்கு எதிராகவும் இதைச் சொல்ல முடியாது. ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளின் அனுபவமாகவே கருதப்படும். தம்பியின் உரிமையை அண்ணன் வெளிப்படையாக மறுத்து விலக்கியதை நிரூபித்தால் மட்டுமே கணக்குத் தொடங்கும்.

நத்தம் மனைக்காரர்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. இப்படி ஆண்ட காலத்தைக் காட்டி உரிமை கேட்பதற்கு எதிரிடை அனுபோகம் என்று பெயர். அரசுக்கு எதிராக அதைக் கோருவது என்றால், நிலம் அரசுடையது என்று முதலில் ஒப்புக்கொள்வதாகிறது. தன் சொந்த மனைக்கு அந்த வாதத்தை எடுப்பவர் கையில் இருந்த நல்ல வழக்கைத் தாமே பலவீனமாக்குகிறார்.

நிலக்கிழார் விட்டுவைத்த மனையில் தலைமுறையாக வாழும் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் "அவங்க காலி பண்ணச் சொன்னா போகவேண்டியதுதானே" என்று பேசுவதை இன்றும் கேட்கலாம். 1971-இலேயே குடியிருப்பு உரிமை வழங்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. உழவரும் விவசாயத் தொழிலாளரும் பிறர் நிலத்தில் குடியிருந்த மனையை அவர்களுக்கே உடைமையாக்கிய சட்டம் அது. அதன்கீழ் பாட்டன் பெயருக்கு உரிமை வந்திருக்கிறதா என்று பார்க்காமல் பெட்டியைக் கட்டக் கூடாது.

"கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு வீட்டுல ஏது பங்கு?"

இந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் சட்டமே துணையிருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் வாழும் வீட்டை ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது அது. திருமணமாகாதவர், கணவனால் கைவிடப்பட்டவர், பிரிந்து வாழ்பவர், கைம்பெண் ஆகியோருக்கு மட்டும் அந்த வீட்டில் தங்கும் உரிமை இருந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் அந்தப் பிரிவே இல்லை. சட்டம் போய்விட்டது, பேச்சு மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

தமிழ்நாடு இன்னும் முன்னாலேயே நடந்தது. 1989 மார்ச் 25 முதல், அன்றைய தேதியில் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமை கிடைத்தது. 2005-இன் மத்தியத் திருத்தம் திருமணமானவர் ஆகாதவர் என்ற வேறுபாட்டையும் எடுத்தது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்தால்தான் பங்கு என்று சில ஆண்டுகள் நிலவிய குழப்பத்தை உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்த்துவைத்தது. அப்பா அன்று இருந்தாரா என்பது பொருட்டல்ல. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ முடிந்த பாகப்பிரிவினைகளைச் சட்டம் தொடவில்லை. அப்பா தானே சம்பாதித்த மனை என்றால், உயில் எழுதாமல் அவர் இறந்தால் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் அவருடைய தாய் எல்லோருக்கும் சமபங்கு. இவை இந்துக்களுக்கான விதிகள். கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு அவரவர் வாரிசுரிமைச் சட்டம் உண்டு. அவற்றிலும் மகளுக்குப் பங்கே இல்லை என்ற நிலை கிடையாது.

நில எடுப்பில் இது எங்கே வெடிக்கும் என்றால், அண்ணன் மட்டும் கையெழுத்திட்டு இழப்பீட்டை வாங்கும் இடத்தில். "சீர் செஞ்சுதான் அனுப்பினோமே" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் தவிர மற்ற மகள்களின் பங்கு அப்படியே நிற்கும். தங்கையின் பெயரைத் தொடக்கத்திலேயே சேர்த்துச் சொல்லிவிட்டால் பணமும் வரும், உறவும் தங்கும். மறைத்துவிட்டால், அவள் ஒரு மனு போட்ட மாத்திரத்தில் எல்லோருடைய தொகையும் முடங்கிப்போகும்.

"பத்திரத்துல குறைச்சுப் போட்டா செலவு மிச்சம்."

சட்டம் எவ்வளவு தரச்சொன்னாலும் கையில் வருவது குறைவாக இருப்பதற்கு ஊரே சேர்ந்து உண்டாக்கும் காரணம் இது. எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் யாரும் இதைத் தவறாக நினைப்பதில்லை. அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்ப்போம்.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு சந்தை மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்கிறது. முத்திரைச் சட்டப்படியான மதிப்பு ஒன்று. சுற்றுவட்டாரத்தில் அதே வகை நிலத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில், அதிக விலை காட்டும் பாதிப் பத்திரங்களை எடுத்து அவற்றின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது கூடுதலோ அது. அதைக் கிராமப்புறத்தில் 1 முதல் 2 வரையான ஒரு காரணியால் பெருக்குவார்கள். அந்தக் காரணியை மாநில அரசு வகுக்கும். அதோடு வீடு, கிணறு, மரங்களின் மதிப்பைக் கூட்டுவார்கள். வந்த மொத்தத்துக்கு நிகராக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை. இதற்கும் மேல் சந்தை மதிப்பின்மீது ஆண்டுக்கு 12 விழுக்காடு கூடுதல் தொகை. 1894-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஆறுதல் தொகை 30 விழுக்காடுதான். இப்போது 100.

இனி ஓர் ஊரைக் கற்பனை செய்வோம். மனை உண்மையில் ஒரு சென்ட் 2 லட்ச ரூபாய்க்கு விற்கிறது. எல்லோரும் 80,000 என்று பத்திரத்தில் எழுதுகிறார்கள். ஐந்து சென்ட் வாங்குபவர் 6 லட்சத்தை மறைக்கிறார். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காட்டில் அவர் மிச்சப்படுத்தியது 54,000 ரூபாய். பிறகு நில எடுப்பு வருகிறது. அலுவலர் கையில் உள்ள கிரயங்கள் எல்லாம் 80,000 என்றே சொல்கின்றன. ஐந்து சென்ட்டுக்குச் சந்தை மதிப்பில் 6 லட்சம் குறைகிறது. காரணி 1.5 என்று கொண்டால் குறைவு 9 லட்சம். ஆறுதல் தொகையும் அதே அளவு குறையும். ஆக 18 லட்சம். கறுப்பில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி கிடையாது. மதிப்பு போதாது என்று மேலே போனாலும் "இந்த ஊர்ப் பத்திரங்களே இதைத்தானே சொல்கின்றன" என்ற கேள்விக்கு விடை இருக்காது. உங்கள் பத்திரம் நேர்மையாக இருந்தாலும் பக்கத்துவீட்டுப் பத்திரம் சராசரியைக் கீழே இழுக்கும் என்பதால் இது ஒருவர் திருந்தி முடியும் காரியமில்லை. ஊர்ப் பெரியவர்கள் கோயில் கொடைக்குக் கூடுவதுபோல் இதற்கும் ஒருமுறை கூடிப் பேசினால் நன்றாயிருக்கும்.

கட்டட மதிப்பீட்டிலும் இதேபோல் கவனம் வேண்டும். பொறியாளரும் தோட்டக்கலை அலுவலரும் அளக்க வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்கவேண்டும். சுற்றுச்சுவர், ஆழ்துளைக் கிணறு, மாட்டுக்கொட்டகை, கழிவுநீர்த் தொட்டி, முருங்கை, தென்னை எல்லாம் பட்டியலில் ஏறியதா என்று பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடித்தபின் எதையும் நிரூபிக்க முடியாது.

"பணத்தை வாங்காம இருந்தா நிலத்தை எடுக்க முடியாது."

இதை நம்பி காசோலையைத் திருப்பி அனுப்பியவர்கள் நிறைய. 2020 மார்ச் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு இந்த விஷயத்தில் சொன்னது: அரசு கொடுக்க முன்வந்த தொகையை வாங்க மறுத்தவர், தனக்குப் பணம் தரப்படவில்லை என்று காட்டி நில எடுப்பு காலாவதியானதாகக் கோர முடியாது. வாங்காத பணம் வைப்பில் கிடக்கும், நிலம் போய்விடும்.

ஆனால் சும்மா கையெழுத்துப் போட்டு வாங்குவதும் ஆபத்து. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆட்சேபணை தெரிவிக்காமல் தொகையைப் பெற்றவர் கூடுதல் இழப்பீடு கேட்டு மனு செய்ய முடியாது. 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதி வாங்குங்கள். அதன்பின் கெடுவுக்குள் மனு கொடுக்கவேண்டும். இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்வத்தை ஆட்சியர் அறிவிக்கும்போது எதிரில் இருந்தவருக்கு அன்றிலிருந்து ஆறு வாரம்தான். மற்றவர்களுக்கு ஆட்சியரின் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஆறு வாரம் அல்லது தீர்வத்திலிருந்து ஆறு மாதம், எது முதலில் முடிகிறதோ அது. தக்க காரணம் இருந்தால் மேலும் ஓராண்டுவரை ஏற்கலாம்.

எந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டின் சட்டம். ஆட்சேபிக்க 21 நாள்தான், தொகை போதாது என்றால் நடுவரிடம் போகவேண்டும். இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2015 முதல் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே. மாநில நெடுஞ்சாலைக்கு 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், தொழில் நோக்கத்துக்கு 1997-ஆம் ஆண்டின் சட்டம், ஆதிதிராவிடர் நலத்துக்கு 1978-ஆம் ஆண்டின் சட்டம். இம்மூன்றையும் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் செல்லாதாக்கியது. சட்டமன்றம் மீட்புச் சட்டம் இயற்றியது, 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இவற்றில் சமூகத் தாக்க ஆய்வு கிடையாது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊரே பெயரும்போது பள்ளி, சுடுகாடு, மேய்ச்சல் எல்லாம் என்னாகும் என்று அந்த ஆய்வில்தான் கேட்பார்கள். ஆனாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. கெடுவும் நடைமுறையும் சட்டத்துக்குச் சட்டம் மாறும் என்பதால், நோட்டீஸின் தலைப்பில் உள்ள சட்டப்பெயரைப் படித்துவிட்டுப் பிறகு வக்கீலைப் பாருங்கள்.

அறிவிப்பு வந்தபின் அந்த நிலத்தை 'மலிவாக வருகிறதே' என்று வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல்நிலை அறிவிப்புக்குப் பின் ஆட்சியர் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது. அப்படி வாங்கியவர் நில எடுப்பையே எதிர்த்து நிற்க முடியாது என்பதும் தீர்ந்துபோன விஷயம்.

"பேர் உள்ளவன் வாங்கிட்டான். இனி போனது போனதுதான்."

போகவில்லை. பங்குத் தகராறு இருக்கிறது என்று தொகை தருவதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்தால், அலுவலர் அதைத் தாமே தீர்த்துவைக்க முடியாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நில எடுப்பு ஆணையத்துக்கும், நெடுஞ்சாலைச் சட்டத்தில் மாவட்ட முதன்மை உரிமையியல் நீதிமன்றத்துக்கும் அது போகவேண்டும். தொகை வைப்பில் இருக்கும். ஒருவேளை முன்னதாகவே தவறான ஆள் வாங்கிவிட்டாலும், உரியவருக்கு அதைத் திருப்பித் தரும் பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது என்று சட்டமே சொல்கிறது. அதற்குத் தனி வழக்குப் போடலாம்.

மனையே சொந்தமில்லாதவர்களும் வெறுங்கையோடு போகவேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மறுவாழ்வு பற்றியது. இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் இதைத் தேடிப் படிக்கவேண்டும். சொந்த மனை இல்லாமல், அறிவிப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வாழ்ந்த குடும்பத்துக்கும் வீட்டு உதவி உண்டு. இடம்பெயரும் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய், போக்குவரத்துக்கு 50,000, மறுகுடியமர்வுக்கு 50,000 என்று எழுதியிருக்கிறது. தெருவோரப் பெட்டிக்கடைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் குறைந்தது 25,000. வாடகை வீட்டில் தையல் இயந்திரம் போட்டுப் பிழைக்கும் பெண்ணும் இதில் வருவார். நெடுஞ்சாலைக்கு எடுத்தாலும் மறுவாழ்வு விதிகள் பொருந்தும். இந்தப் பட்டியலில் பெயர் சேர்ப்பது கணக்கெடுப்பின்போது நடக்கிறது. கணக்கெடுப்பாளர் வீட்டுக்காரரிடம் மட்டும் பேசிவிட்டுக் கிளம்பினால், குடியிருப்பவர் தன் குடும்ப அட்டையையும் மின்கட்டண ரசீதையும் எடுத்துக்கொண்டு அவரை நிறுத்திப் பெயரை எழுதச் சொல்லவேண்டும். எழுத மறுத்தால் அன்றே ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும்.